மூட்டை தூக்கி வரும் பேராண்டிக்கு

பாங்காக் மூணு நாள், பினாங்கு ரெண்டு நாள், கோலாலம்பூர் ரெண்டு நாள், மலாக்கா ஒண்ணரை நாள், அப்புறம் சிங்கப்பூர்னு நீ அனுப்பின கணக்கைப் பார்த்தேன் பேராண்டி. உன் சின்னப் பாட்டியும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டுப் படிச்சா. படிச்சிட்டு, "புள்ள யாரையாச்சும் தேடிக்கிட்டுப் போறானா, இல்ல யாராச்சும் அவனைத் தேடிக்கிட்டு வர்றாங்களா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. வந்தா நீயே அவகிட்டச் சொல்லிடு.

என்னைக் கேட்டா மலாக்காவுக்கு ஒண்ணரை நாள் ரொம்பத் தாராளம். போர்த்துகீசியன் 1511ல வந்து 130 வருஷம் குந்தியிருந்தான். 1641ல டச்சுக்காரன் அவனை விரட்டிட்டு அதே இடத்துல உட்கார்ந்தான். 1824ல இங்கிலீஷ்காரன் சுமத்ராவுல தன்கிட்ட இருந்த பெங்கூலனை டச்சுக்காரன்கிட்டக் கொடுத்துட்டு மலாக்காவைக் காகிதத்துல எழுதி வாங்கினான். சந்தையில கெழட்டுக் காளையைத் தள்ளிவிட்டுக் கறவை மாட்டை ஓட்டிக்கிட்டு வர்றவன் மாதிரி. இவங்க யாருமே ஊரை முழுசாப் பார்த்து முடிச்சதாத் தகவல் இல்ல. உன் கையில போன் இருக்கு. நீ முடிச்சிடுவே.

உனக்கு விசாகூட வேணாமாமே! 2023 டிசம்பர்லேர்ந்து இந்தியாக்காரங்க 30 நாள் அப்படியே வந்துட்டுப் போகலாம்னு எங்க மலேசியா கவர்மெண்டு கதவைத் திறந்துடுச்சு. கிளம்புறதுக்கு முந்தி கம்ப்யூட்டர்ல ஒரு வருகை அட்டையைத் தட்டிவிட்டாப் போதும். உன் கொள்ளுத்தாத்தாவோட தம்பி, அதாவது என் அப்பா, நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறினப்போ அவரும் கொஞ்ச நாளைக்குத்தான் கிளம்பினார். கங்காணி சொன்ன கணக்கு மூணு வருஷம். மூணே வருஷம் ரப்பர்ப் பால் மரம் வெட்டினா ஊருக்குத் திரும்பிப் போய்க் காணி வாங்கிடலாம். அவர் மூட்டை உன் மூட்டையில கால்வாசி இருக்காது: ஒரு தகரப் பெட்டி, ரெண்டு வேட்டி, ஒரு செம்பு. பினாங்குல இறக்கி, அம்மை கிம்மை இருக்கான்னு கண்ணையும் நாக்கையும் பார்த்து, தனி முகாம்ல அடைச்சு வச்சு, அப்புறம்தான் தோட்டத்துக்கு லாரி ஏத்தினாங்க. 1938ல இந்தியா சர்க்காரே கூலிக்கு ஆள் அனுப்புறதை நிறுத்திடுச்சு. அப்பா அதுக்கு முன்னாடியே வந்து மாட்டிக்கிட்டார். அந்த மூணு வருஷம் இன்னும் முடியல. இப்ப நாலாவது தலைமுறை பள்ளிக்கூடம் போகுது. அதனால "சும்மா கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்"னு யாராச்சும் சொன்னா, எங்க வீட்டுல ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்குவோம்.

உன்னைக் குறை சொல்லல. இந்த மலாக்கா ஊரே கொஞ்ச நாள் தங்கிட்டுப் போறவனை நம்பிக் கட்டின ஊரு. கதை உனக்குத் தெரிஞ்சிருக்கும். 1400 வாக்குல பரமேஸ்வரான்னு ஒரு ராசா அங்கயும் இங்கயும் துரத்தல் வாங்கிட்டு ஆத்தோரம் ஒரு மரத்தடியில உட்கார்ந்தாராம். அவரோட வேட்டை நாயை ஒரு சருகுமான் எட்டி ஒரு உதை விட்டுச்சாம். 'இந்த மண்ணுல மானுக்கே இவ்வளவு ரோசமா'ன்னு அங்கயே ஊரைக் கட்டிட்டாராம். அந்த மரம் எது தெரியுமா? நம்ம நெல்லி மரம். மலாக்கா மரம்னு இங்க சொல்றது நெல்லியைத்தான். மாநிலச் சின்னத்துல நெல்லி மரமும் ரெண்டு பக்கம் ரெண்டு சருகுமானும் இன்னைக்கும் நிக்குது. நாய் எங்க போச்சுன்னு கேட்காதே. உதை வாங்கினவனை யாரு சின்னத்துல போடுவா?

அதுக்கப்புறம் ஊரு நடந்தது காத்தை நம்பித்தான். நம்ம பக்கத்துக் கப்பல் தென்மேற்குப் பருவக் காத்துல இங்க வரும். சீனாக்காரன் கப்பல் வடகிழக்குக் காத்துல வரும். வந்தவன் திரும்பணும்னா காத்து திரும்பணும். அதுவரைக்கும் மாசக்கணக்குல இங்கதான் சோறு, இங்கதான் தூக்கம், இங்கதான் வட்டிக் கணக்கு. வர்ற வியாபாரிங்களைக் கவனிக்க ஷாபந்தர்னு நாலு துறைமுக அதிகாரிங்க. குஜராத்திக்காரங்க கூட்டம் பெருசு, அவங்களுக்குன்னே ஒருத்தர். நம்ம ஆளுங்களுக்கு வங்காளம், பெகு ஊர்க்காரங்களோட சேர்த்து ஒருத்தர். தோமே பிரெஸ்னு ஒரு போர்த்துகீசிய மருந்துக்காரன், 1512 வாக்குல இங்க வேலைக்கு வந்தவன், இந்தத் துறைமுகத்துல 84 பாஷை பேசுறாங்கன்னு எழுதி வச்சிருக்கான். உட்கார்ந்து எண்ணியிருக்கான் பாரு. அவனுக்கு ஒண்ணரை நாள்ல சிங்கப்பூர் பஸ் கிடையாது.

சரி, வழி சொல்றேன். கோலாலம்பூர்ல தெற்கு பஸ் நிலையத்துல ஏறினா ரெண்டு மணி நேரத்துல மலாக்கா சென்ட்ரல். அங்கேர்ந்து டவுன் பஸ் செகப்புக் கட்டடத்துக்குப் போகும். ரயில்ல வரலாம்னு நினைக்காதே. ரயில் பூலாவ் செபாங்கோட நின்னுடும். ஒரு காலத்துல தம்பின்லேர்ந்து மலாக்கா டவுன் வரைக்கும் தண்டவாளம் ஓடிச்சு. சண்டை சமயத்துல ஜப்பான்காரன் அதைப் பேர்த்து எடுத்துக்கிட்டுப் போய் சயாம்-பர்மா ரயிலுக்குப் போட்டுட்டான். தண்டவாளத்தை மட்டுமா எடுத்தான்? தோட்டத்து லயத்து வீடுங்கள்ல இருந்த ஆம்பளைங்களையும்தான் ஏத்திக்கிட்டுப் போனான். எங்க லயத்துலேர்ந்து போனவங்கள்ல திரும்பினவங்க கொஞ்சம் பேர். தண்டவாளம் திரும்பவே இல்ல. சண்டை முடிஞ்சு இத்தனை வருஷம் ஆகியும் மலாக்கா டவுனுக்கு ரயில் இல்லைன்னு பயணப் புத்தகத்துல ஒரு வரி போட்டிருப்பான். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இதெல்லாம் கிடக்கு.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும்னு பார்க்கிறியா? நான் வேலை செஞ்ச ரப்பர்த் தோட்டத்தை நிர்வாகம் வித்த பிறகு டவுன்ல ஒரு தங்கும் விடுதியில ராத்திரி ஜாகா, அதான் காவக்காரன் வேலை பார்த்தேன். உன்னை மாதிரி மூட்டைக்காரங்கதான் அங்க வருவாங்க. ஒரே அறையில எட்டுக் கட்டில், மாடிப்படிக் கைப்பிடி முழுக்கக் காலுறை காயும். ராத்திரி கப்பு மீ-க்கு சுடுதண்ணி ஊத்திக்கிட்டு, "அங்கிள், இங்க பார்க்க என்ன இருக்கு?"ன்னு கேப்பாங்க. நான் சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள போன்ல பார்த்துடுவாங்க. காலையில ஏழு மணிக்கு ஆளு இருக்காது. பகல்ல வழிகாட்டிங்க கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு வாசல்ல நின்னு சொல்றதைக் காதுல போட்டுக்கிட்டே வயசாயிடுச்சு. அவங்க சொன்னதுல பாதி சரி. மீதியை நூல்நிலையத்துல ஒரு மலாய்க்கார அம்மா எனக்குத் திருத்திக் கொடுத்தாங்க.

செகப்புக் கட்டடம்னு சொன்னேனே, அங்க நிச்சயமா போட்டோ எடு. எடுக்காதவனை ஊர் எல்லை தாண்ட விடமாட்டாங்க. ஸ்டாட்ஹாய்ஸ்னு டச்சுக்காரன் 1650 வாக்குல கட்டின மாளிகை, பக்கத்துல 1753ல முடிச்ச கிறிஸ்து ஆலயம். டச்சுச் செகப்பு, டச்சுச் செகப்புன்னு எல்லாரும் வாயைப் பொளப்பாங்க. டச்சுக்காரன் விட்டுட்டுப் போனப்போ அது வெள்ளைதான். செகப்பு பிற்பாடு பூசினது. கோயிலுக்குள்ள போனா மட்டும் அண்ணாந்து பாரு. மேல குறுக்கே போட்டிருக்கிற உத்தரம் ஒவ்வொண்ணும் ஒரே மரத்துல அறுத்தது, ஒட்டு இல்லாதது. மரத்தோட வாழ்ந்தவன் நான், எனக்கு அதுதான் அதிசயம். மத்தவங்க வாசலோட திரும்பிடுவாங்க, ஏன்னா வாசல்ல பெச்சா நிக்கும்.

பெச்சாவைப் பத்தி நான் என்ன சொல்ல? மூணு சக்கரம், அது முழுக்க ரோசாக் கலர்ல பூனைப் பொம்மை, பிளாஸ்டிக் பூ, கலர் பல்பு, அடியில ஒரு ஸ்பீக்கர். தைப்பூசக் காவடியில இருக்கிறதைவிட அலங்காரம் அதிகம். பாட்டு சத்தத்துல நீ பேரம் பேசினது அவருக்குக் கேட்காது, அவர் சொன்ன விலை உனக்குக் கேட்காது. இறங்கின பிறகு ரெண்டு பேருக்கும் காது நல்லாக் கேட்கும். அதனால ஏறுறதுக்கு முந்தி எத்தனை வெள்ளின்னு விரல்ல காட்டச் சொல்லிடு.

ஆத்தங்கரையில ஒரு பெரிய கப்பல் நிக்கும். அதுக்குள்ள டிக்கெட் வாங்கிக்கிட்டுப் போகலாம், கடல் மியூசியம். அது எந்தக் கப்பலோட பொம்மை தெரியுமா? 1511ல போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே மலாக்காவைக் கொள்ளையடிச்சு, அரண்மனைச் சொத்தையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனானே, ஃப்ளோர் டி லா மார், அது. சுமத்ரா ஓரத்துல மூழ்கிப்போச்சு. சொத்தோட போன கப்பல் இன்னும் கிடைக்கல. வீட்டுல திருடு போனா நாம போலீஸ்ல எழுதி வைப்போம். மலாக்காவுல திருடன் வந்த வண்டியைப் பெருசாச் செஞ்சு வச்சு டிக்கெட் போடுறாங்க. இதுல என்ன கெட்டிக்காரத்தனம்னு நீ கணக்குப் படிச்ச புள்ள, யோசிச்சுச் சொல்லு.

அப்புறம் அந்த ஒத்தை வாசல், ஆ ஃபாமோசா. கோட்டைன்னு நினைச்சுப் போவே. கோட்டை இல்ல, கோட்டையில மிச்சம் விட்டது. 1807ல, ஊரைக் கொஞ்ச காலம் கையில வச்சிருந்த இங்கிலீஷ்காரன் வெடி வச்சுக் கோட்டையைத் தகர்த்தான், வேற யாரும் பிடிச்சு உட்கார்ந்துடக்கூடாதுன்னு. ராஃபிள்ஸ்னு ஒரு துரை வந்து சொன்னதுல இந்த ஒரு வாசல் தப்பிச்சது. மேல பாரு, 1670ன்னு டச்சுக்காரன் பொறிச்சு வச்சிருப்பான். போர்த்துகீசியன் கட்டின வாசல்ல டச்சுக்காரன் முத்திரை, அதைக் காப்பாத்தின பேரு இங்கிலீஷ்காரனுக்கு. அந்த வெடிச் சத்தத்தைக் கேட்டு எழுதி வச்சவரு நம்ம பக்கத்து ரத்தம். முன்ஷி அப்துல்லா, 1796ல இதே ஊர்ல பொறந்தவர். அரபு ரத்தமும் தமிழ் ரத்தமும் கலந்தவர். மலாய் எழுத்துக்கே பெரிய பேரு வாங்கினவர். சின்ன வயசுல அவரைத் தமிழ் படிக்கப் போட்டாங்க. ஏன்னா அந்தக் காலத்துல மலாக்காவுல வரவு செலவுக் கணக்கு தமிழ்லதான் எழுதினாங்க. இதைச் சொன்னா எங்க தோட்டத்துல கணக்கு எழுதின கிராணிக்கே நம்பிக்கை வராது. கிராணி எங்க கணக்கை எந்த பாஷையில எழுதினாலும் தமிழன் கையில காசு குறைச்சலாத்தான் வந்துச்சு.

மேட்டு மேல செயின்ட் பால் கோயில், 1521ல எழும்பினது, இப்ப கூரை இல்ல. அங்க கம்பிவலை போட்ட ஒரு காலிக் குழி இருக்கும். நம்ம முத்துக்குளித்துறையில ஊழியம் செஞ்ச பிரான்சிஸ் சேவியரோட உடம்பை 1553ல சில மாசம் அதுல வச்சிருந்து, அப்புறம் கோவாவுக்குக் கொண்டு போனாங்க. பாரு, சாமியார்கூட மலாக்காவுல கொஞ்ச நாள்தான் தங்கினார். வெளியில அவர் சிலைக்கு வலது கை இருக்காது, மரக்கிளை விழுந்து போயிடுச்சு. நெசமான வலது கையை 1614லயே வெட்டி ரோமுக்கு அனுப்பிட்டாங்க. இதைக் கேட்டு மூட்டைக்காரப் புள்ளைங்க உடம்பு சிலிர்த்துக்கிட்டு, அந்தக் குழிக்குள்ள சில்லறைக் காசு போடுவாங்க. கோயில் உண்டியல்ல போடச் சொன்னா மட்டும் யோசிப்பாங்க.

இப்ப ஒரு எச்சரிக்கை. ஜோங்கர் தெருவுலேர்ந்து பக்கத்துச் சந்துல திரும்பி ஜாலான் துக்காங் இமாஸ் பக்கம் மட்டும் போயிடாதே. அங்க பிள்ளையார் உட்கார்ந்திருக்கார், நகரவிட மாட்டார். பொய்யாத விநாயகர் கோயில். 1781ல தெய்வநாயகம் செட்டி எழுப்பினது, நிலம் கொடுத்தது டச்சு நிர்வாகம். மலேசியாவுல இன்னும் பூசை நடக்கிற ரொம்பப் பழைய இந்துக் கோயில்கள்ல ஒண்ணு. சொந்தம் மலாக்காச் செட்டிங்களுக்கு, நிர்வாகம் நகரத்தார்கிட்ட. ரெண்டும் வேற வேற செட்டி. அதைப் பிரிச்சுச் சொல்லவே உனக்கு ஒரு பகல் வேணும். நாலு எட்டு வச்சா 1748ல இந்திய முஸ்லிம் வியாபாரிங்க எழுப்பின பள்ளிவாசல், அதோட மினாரா சீனத்துக் கோபுரச் சாயல்ல நிக்கும். இன்னும் கொஞ்சம் போனா செங் ஹூன் தெங் சீனக் கோயில். மாசி மகத்துக்கு விநாயகர் கோயில்லேர்ந்து சுப்பிரமணியர் ரதமேறி செங் ஊர்ப் பக்கம் சன்னாசிமலைக்குக் கிளம்புவார். அன்னைக்கு வந்தேன்னா சிங்கப்பூரை மறந்துடு.

போர்த்துகீசியன் வந்த சமயத்துல இங்க நைனா சாட்டுன்னு ஒரு பெரிய தமிழ் வியாபாரி இருந்தார். போர்த்துகீசியக் கைதிங்களுக்குச் சோறு தண்ணி கொடுத்து உதவினவர். அவங்க ஊரைப் பிடிச்சதும் நன்றியா அவருக்கு பெண்டஹாராங்கிற பெரிய பதவி கொடுத்தாங்க. மூணு வருஷம்கூட முழுசா விடல. காம்பார் ராசாவுக்கு வேணும்னு பதவியைப் பிடுங்கிட்டாங்க. 1514ல மனுசன் சிதை அடுக்கி அதுல இறங்கிட்டார். துரைமாருக்கு உதவி செஞ்சாப் பதவி நிலைக்கும்னு நினைக்கிற ஆளுங்க எங்க தோட்டத்துலயும் இருந்தாங்க. அவங்கள்ல யாருக்கும் இந்தக் கதையை யாரும் சொல்லலை போல.

காத்துக்காகக் காத்திருந்த வியாபாரிங்க சும்மாவா இருப்பாங்க? சில பேரு இங்கத்துப் பொண்ணுங்களைக் கட்டிக்கிட்டாங்க. அவங்க பேரப்புள்ளைங்கதான் மலாக்காச் செட்டிங்க. டச்சுக்காரன் காலத்துல வியாபாரம் கையை விட்டுப் போனதும் டவுனை விட்டு விலகி, காஜா பெராங் பக்கம் போய் நிலத்தைக் கொத்தினாங்க. இன்னைக்கும் கம்போங் செட்டி அங்கதான். அங்கயும் போகாதே. போனா உன் தமிழ் ஞானம் கெட்டுப்போகும்.

ஒரு தடவை நான் போனப்போ ஒரு வீட்டு நிலையில மாவிலைத் தோரணம். வாசல்ல கெபாயாவும் சரோங்கும் கட்டின ஒரு கெழவி, நெத்தியில திருநீறு. தமிழ்ல வணக்கம் சொன்னேன். சிரிச்சுக்கிட்டு மலாயில, உட்காரு, பசியாறினியான்னு கேட்டாங்க. பேரைக் கேட்டா பிள்ளைன்னு முடியுது. தமிழ் ஒரு சொல் வராது, சாமிக்கு முன்னாடி வர்ற சில சொல்லைத் தவிர. போகிக்கு முன்னோருக்குப் படையல் வைப்பாங்க, பார்ச்சுன்னு பேரு. தலைவாழை இலையில நாசி லெமாக், கோழிக் கறி, மீன் பிண்டாங், பலகாரம், செத்துப்போன தாத்தாவுக்கு என்ன பிடிக்குமோ அதெல்லாம் வரும். போடுற இலையோட நுனி எந்தப் பக்கம், எதை முதல்ல வைக்கணும், எதை வைக்கக்கூடாதுன்னு அந்தம்மா மலாயில எனக்குச் சொன்னாங்க. தமிழ் பேசிக்கிட்டே எல்லாத்தையும் மறந்துட்ட என் மருமகளுக்கு அதைத்தான் நான் இப்ப சொல்லிக் கொடுக்கிறேன். அங்க முத்துமாரியம்மன் கோயில் 1822லேர்ந்து இருக்கு. அம்மன் திருவிழாவை டத்தோ சச்சார்னு சொல்லுவாங்க, சித்திரை வைகாசியில வரும், காவடி எடுப்பாங்க. உங்க ஊர்ல யாராச்சும் 'எங்க பண்பாடு, எங்க பண்பாடு'ன்னு மேசையைத் தட்டினா அவனை ஒரு டிக்கெட் போட்டு இங்க அனுப்பு. அந்தக் கெழவி பக்கத்துல ஒரு பொழுது உட்கார வைக்கிறேன்.

சாப்பாட்டுக்கு வருவோம், உனக்கு அதுதானே முக்கியம். ஜோங்கர் தெருவுல வெள்ளி, சனி, ஞாயிறு சாயந்திரம் பாசார் மாலாம், அதான் ராத்திரிச் சந்தை. கோழிச்சோத்தை உருண்டை பிடிச்சுக் கொடுப்பாங்க, மலாக்கா பேரே அதுக்கு. வரிசையில நின்னு வாங்கு. வீட்டுல அம்மா உருட்டிக் கொடுத்தப்போ மூஞ்சியைத் திருப்பின புள்ளைதானே நீ! சத்தே செலுப்னு ஒண்ணு: குச்சியில குத்தினதையெல்லாம் கொதிக்கிற கடலைக் குழம்புல முக்கித் தின்னணும். குழம்பை எப்ப மாத்தினாங்கன்னு மட்டும் கேட்டுடாதே, சாப்பிட முடியாது. போர்த்துகீசியப் பேரப்புள்ளைங்க உஜோங் பாசிர்ல இருக்காங்க, சுட்ட மீனுக்கு அங்க போ. ஜூன் கடைசியில சான் பெத்ரோ திருவிழா, மீன்பிடி படகையெல்லாம் சிங்காரிச்சு நிறுத்துவாங்க.

செண்டோல் கண்டிப்பாச் சாப்பிடுவே. ஐஸ் மேல கருப்பா ஊத்துவாங்களே, அது குலா மலாக்கா. தென்னம்பாளையைச் சீவி, வடிஞ்ச பதநீரைக் காய்ச்சினது. அதே தென்னம்பாளையைச் சீவி, காய்ச்சாம ஒரு ராத்திரி விட்டா அதுக்குப் பேரு வேற. அந்தச் சரக்கை எங்களுக்குத் தோட்டத்து நிர்வாகமே கடை போட்டு வித்துச்சு. சம்பள நாள்ல காலையில ஆபீஸ் மேசையில துரை காசு கொடுப்பார். சாயந்திரம் கள்ளுக்கடை மேசையில அதே காசு துரைக்குத் திரும்பிப் போகும். உனக்கு அது ரெண்டு கரண்டி இனிப்பு. என் சித்தப்பாவுக்கு அது முப்பது வருஷ சம்பளம். சாப்பிடுறப்போ இதையெல்லாம் நினைக்காதே, ஐஸ் உருகிடும்.

பாபாங்கிற இந்த ஊர்ச் சீனாக்காரங்க வீடுங்க இருக்கிற ஹீரன் தெருவுலயும் நடப்பே. ஓடும் கல்லும் செதுக்கலும் பார்த்துச் சொக்கிப்போவே. அந்தப் பாபாமார்ல டான் சே யான்னு ஒருத்தர், மரவள்ளி போட்டுக்கிட்டிருந்தவர். சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்து ரிட்லி துரை, ரப்பர் போடு ரப்பர் போடுன்னு எல்லார் பின்னாலயும் திரிஞ்சுக்கிட்டிருந்தார். பைத்தியம்னு சிரிச்சாங்க. இவர் மட்டும் 1896ல புக்கிட் லிந்தாங்ல நாப்பது ஏக்கர் சொச்சத்துல போட்டுப் பார்த்தார். மலாயாவுல வியாபாரத்துக்கு ரப்பர் போட்ட மொத ஆளுங்கள்ல அவர் ஒருத்தர். அப்புறம் அசகான்ல பெரிய தோட்டமே எழும்பிச்சு. எங்க அப்பாவை லாரி கொண்டாந்து இறக்கினது அந்த அசகான் பக்கம்தான், குனோங் லேடாங் மலை அடிவாரம். மலை உச்சி ஜொகூர்க்காரனுக்கு, அதுலேர்ந்து இறங்குற அட்டையும் கொசுவும் மலாக்காக்காரனுக்கு.

உன் பயணப் புத்தகத்துல ஜாசின், மெர்லிமாவ், கெமெண்டோர், ரிம், அசகான் எதுவும் இருக்காது. பார்க்க ஒண்ணும் இல்லைன்னு விட்டுருப்பான். நெசந்தான். பால் மரம் பாதிக்கு மேல போச்சு, செம்பனை வந்துடுச்சு. செம்பனைக் குலை வெட்டுறது வங்காளதேசத்துப் பையனும் இந்தோனேசியாப் பையனும். அவனுங்களும் மூணு வருஷத்துக்குத்தான் வந்திருக்கானுங்களாம், போன்ல ஊருக்குச் சொல்லிக்கிட்டு நிக்கிறானுங்க. நான் ஒண்ணும் சொல்லல. லயம் இடிஞ்சு கிடக்கு, காளியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயம் பூசி நிக்குது. தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்குது. நாங்க ஜாசின்ல தாமான் குடியிருப்புல வீடு வாங்கி வந்துட்டோம். தோட்டத்துல ஆள் எண்ணுற பெரட்டு மணி அடிக்கலைன்னாலும் உன் சின்னப் பாட்டிக்கு நாலரை மணிக்கு முழிப்பு வந்துடும், எழுந்து என்னைத் திட்டுவா.

அதனால என் யோசனை ஒண்ணே ஒண்ணு. அரை நாளை மட்டும் எனக்குக் கொடு. மலாக்கா சென்ட்ரல்ல ஜாசின் பஸ் ஏறு. பஸ் எப்ப வரும்னு பலகையில போட்டிருக்கும், அதை நம்பாதே, பக்கத்துல நிக்கிற மலாய்க்கார அக்காவைக் கேளு. ராத்திரி எங்க வீட்டுல படு. தனி அறை, காலுறை காயப்போடக் கொடியும் இருக்கு. விடியறதுக்கு முந்தி நம்ம பக்கத்து மலாய்க்காரரோட சின்னத் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். அவருக்கு ரெண்டு ஏக்கர் பால் மரம் இன்னும் இருக்கு. தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு, முந்தின வெட்டுல காஞ்சு கிடக்கிற ஒட்டுப்பாலை மொதல்ல உரிச்சுப் பையில போடணும். அப்புறம் உளியைக் கோட்டுல வச்சு, இடமேலேர்ந்து வலக்கீழே ஒரே இழுப்பு. பட்டை வழுவழுன்னு சீவி வரணும். ஆழம் குறைஞ்சாப் பால் வராது. கொஞ்சம் கூடினா மரத்துக் கட்டையில பட்டு அந்த இடம் முடிச்சு போட்டுக்கும், அப்புறம் எத்தனை வருஷம் ஆனாலும் அங்க உளி ஓடாது. தோட்டத்துல இருந்தப்போ மேற்பார்வை பார்க்கிற தண்டல் வந்து தடவிப் பார்த்தார்னா அன்னைக்குப் பேச்சு வாங்கியே வயிறு நிறைஞ்சிடும். பால் பிடிக்கிற மங்கை நிமித்தி வச்சிட்டு அடுத்த மரம். வெயில் ஏறிட்டாப் பால் நின்னுடும், அதனால ஓட்டமும் நடையும்தான். மழை வந்தா அன்னைக்குக் கூலி கிடையாது.

நீ அழுத்தமாக் கை வைக்கிற ஆளு, உன் பாட்டன் கை அப்படித்தான். எங்க மலாய்க்காரருக்கு மரம்னா உசிரு, ஒரு மரம் காயம் பட்டாலும் என்கிட்ட ஒரு மாசம் பேச மாட்டார். அவர்கிட்டக் கேட்டு உனக்குன்னு வேலி ஓரத்துல பால் வத்தின மரம் ஒண்ணு ஒதுக்கி வச்சிருக்கேன். அதை எவ்வளவு வேணும்னாலும் கிழி. முழங்கால் வரைக்கும் காலுறை போட்டுக்கிட்டு வா, கொசு எண்ணெய் நான் வாங்கி வைக்கிறேன்.